பாரிஸ் மூட்டையும் பரம்பரைக் கட்டிலும்

(வட்டுக்கோட்டையில் ஒரு நாற்சார் வீட்டு விறாந்தை. சாய்மனைக் கதிரையில் இளைப்பாறிய தலைமை ஆசிரியர். எதிரே ரோர்ச் லைற்றுடன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்.)

மாஸ்ரர்: தம்பி, மூன்று தலைமுறையாக ஆசாரம் பிசகாத இந்த வீட்டிலே, பேரப்பிள்ளையின் முதுகில் வரிசையாகத் தடித்திருப்பது நுளம்புக் கடியோ வேர்க்குருவோ அன்றி வேறொன்றாயிருக்க ஏதுவில்லை என்று நீர் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிவிட்டால் போதும், மெத்தையை மட்டும் முற்றத்துக்கு இழுக்கவேண்டாம், வேலிக் கிடுகு உக்கிப்போய்க் கிடக்கிறது.

பரிசோதகர்: நுளம்பு கடித்தால் மெத்தையின் தையலோரத்தில் மை தெறித்தாற்போல் கரும்புள்ளிகள் விழமாட்டா, மாஸ்ரர், அது குடித்த இரத்தத்தின் எச்சம். கட்டிற்சட்டம் காலோடு பொருந்துகிற இந்தத் துளைக்குள்ளே பாருங்கள்: மண்ணிறத்தில் உரித்துப்போட்ட சட்டைகள், சீனிமணியளவில் வெள்ளை முட்டைகள், அவற்றுக்கு அப்பால் வெளிச்சத்துக்கு அஞ்சி ஒதுங்குகிறவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

மாஸ்ரர்: கறையான் என்று எழுதும். நல்ல மரமுள்ள வீட்டைத்தான் கறையான் தேடிவரும். அதில் ஒரு கௌரவமுண்டு.

பரிசோதகர்: இது தேக்கு. தேக்கைக் கறையான் இலேசில் தொடாது. என் அறிக்கையைக் கண்டால் தச்சன் சிரிப்பான்.

மாஸ்ரர்: 1946இல் மலேரியாவை ஒழிக்கவென்று டி.டி.ரி. அடித்தார்களே, அது என் தகப்பனார் காலம். அதன்பின் இங்கே மூட்டை என்ற சொல்லே எழுந்ததில்லை.

பரிசோதகர்: சொல் எழாதிருந்திருக்கும். அம்மருந்தின் குணத்தைக் கண்டறிந்த பவுல் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைப்பதற்கு முந்திய வருஷமே, ஹவாயின் பேர்ள் துறைமுகத்துப் படைவீட்டு மூட்டைகள் அதற்கு அடங்காமற் போய்விட்டன. நீங்கள் அலுமாரிக்குள் வைத்த பூச்சி உருண்டையும் வேப்பம்புகையும் நமக்குத்தான் தும்மலைத் தரும்.

மாஸ்ரர்: ஆனால் அந்த அறையைப் பூட்டிவிட்டு, ஒரு மாதம் கூடத்தில் படுக்கிறோம். பட்டினியில் சாகட்டும்.

பரிசோதகர்: நம்மைப்போல அவை மூன்று வேளை உண்கிறவையல்ல, வளர்ந்த மூட்டை மாதக்கணக்கில் விரதமிருக்கும். கட்டிலைக் கழற்றி, பொருத்துத் தோறும் கொதிநீர் ஊற்றவேண்டும்; துணிகளை அவிக்கவேண்டும்; சுவர் வெடிப்புகளைப் பூசவேண்டும். எஞ்சிய முட்டைகள் பொரித்துவிடுமாதலால், இரண்டு கிழமை கழித்து எல்லாவற்றையும் திரும்பச் செய்யவேண்டும். மருந்தடிப்பதானால் படுக்கையில் கண்டபடி தெளிக்காமல், பழகியவர் கையால் இடுக்குகளில் மாத்திரம். அதிருக்க, அண்மையில் யாராவது பெட்டியோடு வந்து தங்கினார்களா?

மாஸ்ரர்: மருமகன் வந்தார், பாரிஸிலிருந்து. லாச்சப்பலில் கடை வைத்திருக்கிறவர். அந்தத் தேசத்திலே மூட்டையா?

பரிசோதகர்: 2023 இலையுதிர்காலத்தில் அந்நகரத்து ரயில், திரையரங்கு என்று எங்கும் இதே பேச்சாகி, மந்திரிமார் கூடி ஆலோசிக்க நேர்ந்தது, 2017 முதல் 2022 வரையான காலத்தில் பிரான்சில் நூற்றுக்கு 11 குடும்பங்கள் மூட்டையால் அவதிப்பட்டன என்பது அரசாங்க நிறுவனமொன்றின் கணக்கு.

மாஸ்ரர்: (நிமிர்ந்து உட்கார்ந்து) அப்படியானால் இது பிரெஞ்சு மூட்டை! அதை முதலிலே சொல்லியிருக்கலாமே. பிள்ளை, அந்த மெத்தையை முற்றத்திலே, வேலியோரமாகவே கொண்டுபோய்ப் போடு!

பரிசோதகர்: அவசரப்படாதீர்கள். குளிர்நாட்டில் பெரும்பாலும் காணும் இனம் வேறு, நம் வெப்பத்தில் பல்கும் இனம் வேறு. தலையை அடுத்த கழுத்துத் தகட்டின் அகலத்தில் வித்தியாசம் தெரியும். (உருப்பெருக்காடியால் பார்த்து) இதன் கழுத்து ஒடுக்கம். அசல் உள்ளூர்ச் சரக்கு.

மாஸ்ரர்: பிள்ளை, மெத்தையை உள்ளே எடு! தம்பி, உள்ளூர் என்றால் அது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கவேண்டும். எல்லைக் கதியாலை அவர்கள் ஒரு முழம் தள்ளி நட்டதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளும்.