தரைமார்க்கம்

கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாம் பக்கம் நம்மவர்கள் கூடும் எந்த விசேஷ வீட்டுக்கும் போய், "ஊருக்கு எப்ப?" என்று பொதுவாகக் கேட்டுப் பாருங்கள். "பிள்ளைகளுக்கு லீவு விடட்டும்" என்பார் ஒருவர். "டிக்கெட் விலை இறங்கட்டும்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தத் தடவை நான் பைக்லயே போயிரலாம்னு இருக்கேன்" என்பார். ஏதோ போன தடவை நடந்தே போய் வந்தவர் மாதிரி.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது வங்கிக்கும் மாமியாருக்கும் மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு அவர் 'தரைமார்க்கம்'. சொந்த ஊர் கோவில்பட்டி. ஐடி வேலைக்கு வந்தவர், வீடு வாங்கி, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும், விசா இல்லாமல் இந்தியா போய்வர ஓசிஐ அட்டையும் வாங்கி, முன் நெற்றி ஏறத் தொடங்கிய வயதில் இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார். முழங்கையில் கவசம் தைத்த ஜாக்கெட்டை ஜூலை வெயிலிலும் கழற்ற மாட்டார். முருகன் கோயில் வரிசையில் ஒரு கையில் அர்ச்சனைத் தட்டும் மறு கையில் ஹெல்மெட்டுமாக யாராவது நின்றால், அது அவரேதான். வேண்டுதலும் ஊகிக்கக்கூடியதே: ஈரான் விசா.

வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். வீட்டு வாசலில் உறை போர்த்தி நிற்கிறது. ஞாயிறு காலையில் உறையை எடுப்பார், துடைப்பார், ஸ்டார்ட் செய்து தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார், திருப்தியாகத் தலையாட்டி அணைத்துவிட்டு உறையைப் போர்த்துவார். அந்த வண்டி இதுவரை பார்த்த மிகத் தூரத்து ஊர், ஐம்பது சொச்சம் கிலோமீட்டரில் உள்ள சவுத்எண்ட் கடற்கரை. அங்கே ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்பியதற்கு 'சோதனை ஓட்டம்' என்று பெயர்.

ஆனால் வண்டி தயாராக இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. கிளட்ச் கேபிளை ஒரு முறை காட்டினார். பழைய கேபிளை ஒட்டியே புதுக் கேபிள் ஒன்றையும் லீவரிலிருந்து எஞ்சின் வரை ஓடவிட்டு, இரண்டு முனைகளிலும் தூசி ஏறாமல் டேப் சுற்றி வைத்திருக்கிறார். பாகிஸ்தானின் பலூசிஸ்தான் பாலைவனத்தில் கேபிள் அறுந்தால் டாங்கைக் கழற்ற வேண்டாம். முனைகளை மாற்றி மாட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். உண்மையிலேயே அருமையான வேலை. "கிச்சன் குழாய் ஒழுகுதுன்னு சொல்லி ஒரு வருஷம் ஆச்சுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பலூசிஸ்தானில் கிச்சன் குழாய் கிடையாது என்பதால் அது பட்டியலில் ஏறவில்லை.

பட்டியல் எக்செல்லில் இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே எடை, கிராம் சுத்தமாக. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக நறுக்கிவிட்டார். சட்டை இரண்டு போதும், துவைத்துக்கொள்ளலாம். இப்படி மிச்சம் பிடித்த எடையெல்லாம் சேர்ந்து அடுத்த வரிசையில் இட்லிப் பொடியாகவும் புளிக்காய்ச்சலாகவும் இரண்டு கிலோவுக்கு உட்கார்ந்திருக்கிறது. "துருக்கியில சாப்பாட்டுக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டால், "ஒரு அவசரத்துக்கு" என்கிறார்.

மொத்த தூரம் ஏறக்குறைய 12,000 கிலோமீட்டர். ஐரோப்பாவைக் கடந்து இஸ்தான்புல். துருக்கியின் கிழக்குக் கோடியில் ஈரானுக்குள் நுழைந்து, குறுக்கே ஓடி, தஃப்தானில் பாகிஸ்தான். குவெட்டா, லாகூர், வாகா, அமிர்தசரஸ். அதற்குப் பிறகுதான் அவர் குரலில் தேன் வடியும். "ஜலந்தர்ல தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடிச்சுட்டா ஸ்டியரிங்கைத் திருப்பவே வேண்டாம். டெல்லி, ஆக்ரா, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை, நேரா கோவில்பட்டி!" பைக்கில் ஏது ஸ்டியரிங் என்று அந்த நேரத்தில் கேட்கக் கூடாது. ஒரே சாலையில் பஞ்சாபும் தன் வீட்டுத் திருப்பமும் இருப்பது, நெடுஞ்சாலைத் துறை அவரை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு.

கடைசி 3,000 கிலோமீட்டர் இப்படித் துல்லியமாக முடிவாகிவிட்டது. முடிவாகாதது தொடக்கத்தில் கடலைத் தாண்டும் விதம். ஃபோக்ஸ்டோனில் வண்டியோடு ரயிலேறிச் சுரங்கம் வழியாக 35 நிமிடத்தில் கலே போவதா, டோவரில் கப்பலேறி ஒன்றரை மணி நேரத்தில் போவதா? ரயில் என்றால் நேரம் மிச்சம். கப்பல் என்றால் பயணத்துக்கு ஒரு கௌரவம். இந்த விவாதம் பல குளிர்காலங்களைக் கண்டுவிட்டது.

நடுவில் இருக்கும் நாடுகளோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் காரியம் செய்கின்றன. ஈரானை விட்டுச் சுற்றிப் போகலாம் என்றால், 2020-ல் கொரோனா என்று தரை எல்லையைச் சாத்திய அஜர்பைஜான், கொரோனா போய்ப் பல ஆண்டுகள் ஆகியும் பயணிகளுக்குத் திறக்கவில்லை. சீனா, லாவோஸ், தாய்லாந்து, மியான்மர் என்று சுற்றி மணிப்பூரின் மோரேயில் நுழைகிற மாற்று வழி ஒன்று வைத்திருந்தார். பர்மாவிலிருந்து வந்த தமிழர்கள் மோரேயில் கோயில் கட்டி வாழ்கிறார்கள். இந்தியாவுக்குள் நுழைந்ததும் தமிழ் காதில் விழும் என்பது கணக்கு. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ரஷ்யா வழியாக வடக்கே சுற்றலாம் என்று நினைத்தார். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா, வாகாவுக்கு எதிரே தன் பக்கம் உள்ள அட்டாரிச் சாவடியை மூடியது. திபெத், நேபாளம் வழியாக இறங்கலாமே என்று வரைபடத்தை விரித்தார். அந்த ஜூலையில் வெள்ளம் வந்து ரசுவாகடியில் நேபாள - சீன எல்லைப் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. மற்றவர்களுக்கு இவை செய்தி. அவருக்கு இவை 'ரூட் அப்டேட்'.

ஈரானில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர் தனியாகச் சுற்ற முடியாது. வழிகாட்டி கூடவே வர வேண்டும். சாகச வீரர் முன்னால் பைக்கில், சம்பளத்துக்கு ஒருவர் பின்னால் காரில். பலூசிஸ்தானில் துப்பாக்கியோடு காவலர்கள் துணைக்கு வருவார்கள். ஒரு சாவடிக்காரர் அடுத்த சாவடிக்காரரிடம் ஆளை ஒப்படைப்பார். இவற்றையெல்லாம் விளக்கிவிட்டு, "தனியாப் போறதுல உள்ள சுதந்திரமே வேற" என்று முடிப்பார். இந்த இரண்டு இடங்களுக்கும் போகவே வேண்டாம் என்கிறது பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகம்; மீறிப் போனால் பயணக் காப்பீடு பெரும்பாலும் செல்லாது. காப்பீட்டைப் பற்றி மட்டும் வீட்டில் அவர் வாய் திறப்பதில்லை.

காகிதங்களில் அவர் கையில் எப்போதும் தயாராக இருப்பது சர்வதேச ஓட்டுநர் அனுமதி. பெட்டிக்கடைக் கவுண்டரிலேயே 5.50 பவுண்டுக்குக் கிடைக்கும். 1949 ஒப்பந்தத்தின்படி தரப்படுவது ஓராண்டில் காலாவதியாகிவிடும். தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்கிற ஒழுங்கோடு அதை வருடா வருடம் புதுப்பிக்கிறார். அவர் கிளம்பப் போகிறார் என்பதற்கு எழுத்து மூலமாக இருக்கும் ஒரே ஆதாரம் அது.

பெரிய காகிதம் கார்னே. அது வண்டிக்கான பாஸ்போர்ட். ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு: நாட்டுக்குள் நுழையும்போது சுங்கத்தில் ஒன்றைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது ஒன்றை, இரண்டு முத்திரைகளோடு அடிக்கட்டை நம்மிடம் நிற்கும். உள்ளே போன வண்டி வெளியே வந்துவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. வராவிட்டால் வரி முழுவதையும் கட்ட வேண்டும். அதற்காக முன்கூட்டியே ஒரு பெருந்தொகையை ஈடு வைக்க வேண்டும். ஈரான், பாகிஸ்தான், இந்தியா மூன்றும் இதைக் கேட்கும்.

இந்த இடத்தில்தான் கதையின் வேடிக்கை. ராயல் என்ஃபீல்டு பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில். 1955-ல் மெட்ராஸில் புல்லட்டைக் கோக்கத் தொடங்கினார்கள். 1967-ல் ரெட்டிச் ஆலையை மூடினார்கள். மெட்ராஸ் நிலைத்துவிட்டது. நம்மவர் வாசலில் நிற்கும் ஹிமாலயன், சென்னைக்குப் பக்கத்து ஆலையில் செய்து கப்பலேறி லண்டன் வந்த வண்டி. அதைத்தான் எட்டுப் பத்து நாடுகள் தாண்டித் தமிழ்நாட்டுக்கே ஓட்டிப் போக வேண்டும் என்கிறார். "அதுக்கு மீனம்பாக்கத்துல இறங்கி ஒரு வண்டிய வாங்கி ஓட்டிட்டுப் போகலாமேங்க" என்று அவர் மனைவி ஒரு தரம் கேட்டார். கேள்வியில் ஓட்டை இல்லை. ஆகவே அவர் பேச்சை மாற்றி, சங்கிலிக்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.

அப்படி ஓட்டிப் போனாலும், பிரிட்டிஷ் எண் பலகை மாட்டிய அந்த வண்டி தன் சொந்த மாநிலத்தில் விருந்தாளிதான். ஆறு மாதத்துக்குள் இந்தியாவை விட்டு வெளியேறியாக வேண்டும். இதைப் போனில் அம்மாவிடம் விளக்கினார்.

"ஏ ஐயா, எத்தன நாள் வச்சிருக்க விடுவாவளாம்?"

"ஆறு மாசம்மா."

"அப்ப உனக்கு வண்டி தேவல. நீ மூணு வாரத்துல கெளம்பிருதயே."

அன்றைக்கு எக்செல் திறக்கப்படவில்லை.

அம்மா மூன்று வாரம் என்றது சட்டத்தையும் ஒட்டித்தான் இருக்கிறது. பிரிட்டனில் முழுநேர ஊழியருக்குச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 28 நாள் சம்பளத்தோடு விடுப்பு, வங்கி விடுமுறைகளையும் அதிலேயே கழித்துக்கொள்ளலாம். பயணத்துக்கு இரண்டரை மாதம் வேண்டும். மேலாளரிடம் எப்போது கேட்பது? புராஜெக்ட் முடியட்டும். புராஜெக்ட் முடிந்தால்? அடுத்தது தொடங்கட்டும்.

முன்னோடிகள் விஷயத்தில் அவர் நடமாடும் நூலகம். 1973-ல் லண்டனிலிருந்து ஒரு டிரையம்ஃப் மோட்டார் சைக்கிளில் கிளம்பி நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றிய டெட் சைமன் அவருக்குக் குலதெய்வம். அந்த வண்டி கோவென்ட்ரி போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தரிசனம் செய்ய நம்மவர் போயிருக்கிறார். ரயிலில். 1957 ஏப்ரல் 15-ல் லண்டன் விக்டோரியாவிலிருந்து 'இந்தியாமேன்' என்ற பஸ் கிளம்பி ஜூன் 5-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்ததையும் சொல்வார். ஒரு வழிக் கட்டணம் 85 பவுண்டு. அந்தக் காலத்தில் ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் தாண்டி இந்தியாவுக்கு வெள்ளைக்கார இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1979-ல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை; வழி அடைபட்டது. "நாம நாப்பது வருஷம் லேட்டாப் பொறந்துட்டோம்" என்று பெருமூச்சு விடுவார். முன்னாலேயே பிறந்திருந்தால் மட்டும் விடுப்பு கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம்.

இவர் பொறாமைப்படுவது போய்ச் சேர்ந்தவர்களைப் பார்த்துத்தான். பழைய வண்டியில், பாதிக் காகிதத்தோடு, பிளாஸ்டிக் பையில் துணியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு கிளம்பி, நடுவில் துபாயிலிருந்து வண்டியைக் கப்பலேற்றி எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்துவிட்ட ஆட்கள் உண்டு. அவர்களைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். "பிளானிங் சரியில்ல. ஏதோ அதிர்ஷ்டம், போய்ட்டான்."

கடைசியில் டிசம்பரில் விமானத்தில்தான் போகிறார். ஜன்னல் இருக்கை வாங்குவார். முன்னால் உள்ள சின்னத் திரையில் எல்லோரும் படம் பார்க்க, இவர் மட்டும் விமானம் நகரும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து இருக்கைக்காரரைத் தட்டி, "இப்ப கீழ எர்சுரும். இங்கதான் நான் ரெண்டாவது தடவை டயர் மாத்தறதா இருக்கு" என்பார். அந்த ஆள் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொள்வார்.

சிரிக்கலாம், ஆனால் இவரால் யாருக்கும் நஷ்டமில்லை, லாபம்தான் உண்டு. ஓசிஐ படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும், எந்த நாட்டுக்கு எந்த விசா என்று கேட்டால், காசு வாங்காமல் உட்கார்ந்து நிரப்பித் தருவார். ஊரைவிட்டு வந்த எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் ஊருக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். சிலர் மனை வாங்கிப் போடுகிறார்கள், சிலர் குலதெய்வக் கோயிலுக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள். இவர் வழி போடுகிறார். வந்த தூரம் எவ்வளவு என்று சாலை சாலையாகத் தெரிந்து வைத்திருப்பவர் அந்தக் கூட்டத்தில் இவர் ஒருவர்தான்.

அதனால் அவர் வரைபடத்தை விரித்தால் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். விசாவைப் பற்றிக் கேளுங்கள், டயரைப் பற்றிக் கேளுங்கள். ஃபோக்ஸ்டோன் ரயிலா, டோவர் கப்பலா என்று உங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டால் மட்டும் தயவுசெய்து முடிவாக எதுவும் சொல்லிவிடாதீர்கள். அது ஒன்று தீர்ந்துவிட்டால், பாவம், மனுஷர் கிளம்ப வேண்டியதாகிவிடும்.