வாஷ்பேசின் வந்த வீடு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சப் போனால், பூஜையறைக்கும் முன்னால் வாஷ்பேசினைத்தான் காட்டுகிறார்கள். பேசின் 32 அங்குல உயரத்தில் நிற்கும்படி சுவரைத் துளைத்து, வெள்ளை சிமென்ட் பூசி, டேப் சுற்றிக் குழாயைப் பொருத்தியிருப்பார் பிளம்பர். திருகினால் காற்று வரும். "இன்னும் தண்ணி விடலண்ணே" என்று வீட்டுக்காரர் ஒரு செம்பை நீட்டுவார்.

பேசினுக்குக் கீழே தொங்கும் பாட்டில் டிராப்புக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடை நாற்றத்தை மேலே வரவிடாமல் தடுப்பது அதுதான். வைகையும் தாமிரபரணியும் தொலைவிலிருந்து குழாய் வழியே வந்து சேர வேண்டிய சீமை இது. புழங்காமல் விட்டால் கோடையில் டிராப்பும் வறண்டுவிடும். ஆகவே, முகம் கழுவத் தண்ணீர் இல்லாத நாளிலும் பேசினுக்கு ஒரு செம்பு படியளக்க வேண்டும். குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் வீட்டில், முதல் பங்கு அதற்குத்தான். போர் தண்ணீரை விடலாமென்றால் உப்புப் படிந்து குழாயின் வாயடைத்துப் போகும்.

பேசினை மட்டும் குறை சொல்வானேன்? இந்தச் சீமையின் குண்டாற்றுக்கும் கரை உண்டு, பாலம் உண்டு. பொருத்திவிட்டுப் போன ஆண்டவன்தான் கனெக்‌ஷன் கொடுக்க மறந்துவிட்டான்.