கேட்கலாம், தொடக்கூடாது

(கல்முனை பஸாரில் ஒரு புடவைக் கடை. கல்லாவில் ஹாஜியார். எதிரே, கொழும்பில் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதும் மருமகன்.)

ஹாஜியார்: மனே, மருதமுனைத் தறிக்காரருக்குச் சாரன் காசு போட்டன். என்ட கணக்கில கழிஞ்சிட்டு, அவருக்குப் போகல்ல. காசு இப்ப எங்க கிடக்கு?

மருமகன்: நடுவுல, மாமா. 2015-ல வந்த, வங்கிக்கு வங்கி காசு மாத்துற சீஃப்ட்ஸ் எண்ட சுவிட்ச் வழியாப் போயிரிக்கும். உங்கட வங்கி கழிச்சிட்டு சுவிட்சுக்குச் செய்தி அனுப்பும், சுவிட்ச் அவர்ட வங்கிக்கு அனுப்பும். "வரவு வெச்சிட்டன்" எண்ட பதில் வராட்டி, நடந்ததா இல்லையா எண்டு கழிச்ச வங்கிக்கே தெரியாது.

ஹாஜியார்: மருதமுனைக்கு நடந்தே போயிரலாம். என்ட காசு கொழும்பைச் சுத்தியா போகுது?

மருமகன்: போனாலும் கண்ணை விட்டு மறையாது. 1969-ல ஐபிஎம் வெளியிட்ட சிஐசிஎஸ் எண்ட மென்பொருள் இண்டைக்கும் உலகத்துப் பெரிய வங்கிகள்ல ஓடுது. அதுல "இன்குவயர்" எண்டு ஒரு கட்டளை. புரோகிராமுக்குள்ள இருந்தே கேக்கலாம்: எந்த வேலை தொங்குது, எவ்வளவு நேரமா, யாருக்காகக் காத்திரிக்கு.

ஹாஜியார்: அப்ப கேளு.

மருமகன்: அது வங்கிட ஆக்களுக்கு. உங்களுக்கு ஆப் இரிக்கே.

ஹாஜியார்: அது நேத்து ஜும்மாவுக்கு முந்தியிருந்து "செயற்படுத்தப்படுகிறது" எண்டே சொல்லுது. போன் எடுத்தன். ஒரு பிள்ளை, "சேர், செயற்படுத்தப்படுகிறது" எண்டுச்சு. அதுவும் என்ட ஆப்பைத்தான் பாக்குதா?

மருமகன்: கிட்டத்தட்ட... ஆனா மாமா, கேக்க மட்டுமில்ல, "செட்" எண்டும் ஒரு கட்டளை இரிக்கு. தொங்குறதை வில்லங்கத்துக்கு முடிக்கலாம், இல்லாட்டித் திருப்பலாம்.

ஹாஜியார்: அல்ஹம்துலில்லாஹ்! அமுக்கு.

மருமகன்: ஆபத்து மாமா. ஒழுங்கா நடந்தா, சிஐசிஎஸ்ஸே "தயாரா?" எண்டு எல்லாத் தரவுத்தளத்துட்டயும் கேட்டு, எல்லாம் தயார் எண்ட பொறகுதான் "முடி" எண்டு சொல்லும். நடுவுல மனுசன் கை வெச்சா ஒண்டு முடிஞ்சிரிக்கும், மத்தது திரும்பியிரிக்கும். 1991-ல எக்ஸ்-ஓப்பன் எண்ட அமைப்பு வெளியிட்ட எக்ஸ்ஏ விதியில அந்தக் குழப்பத்துக்கெண்டே தனியா ஒரு குறியீடு வெச்சிரிக்காங்க.

ஹாஜியார்: பொறக்க முந்தியே பிள்ளைக்குப் பேரா! முந்திக் கத்தாரில இருந்து உண்டியல்ல காசு வரும். சட்டம் கூடாது எண்டுது. நானும் வேணும் எண்டு சொல்லல்ல. ஆனா உண்டியல்காரனுக்குப் போன் போட்டா, "அஸருக்குப் பொறகு தாறன்" எண்டுவான். அதான் உன்ட இன்குவயர். தராட்டி அவன்ட வாசல்ல போய் நிப்பன். அதான் உன்ட செட்.

மருமகன்: அவன் காசோட ஓடினா?

ஹாஜியார்: ஓடினவனும் இரிக்கான். ஓடிட்டான் எண்டாவது தெரிஞ்சிச்சு.

மருமகன்: பயப்படாதீங்க. கணக்கு ஒத்துப்பாக்கிற வேலை இரிக்கு. ரெண்டு வங்கிட பட்டியலையும் பக்கத்துல வெச்சு ஒவ்வொண்டாப் பொருத்துவாங்க. சேராத காசு திரும்பி வரும்.

ஹாஜியார்: ரெண்டு கொப்பியை வெச்சுச் சரி போடுறதா? அதை என்ட வாப்பா இந்தக் கல்லாவில பென்சிலால செஞ்சாரு!

மருமகன்: ஓம்... ஆனா இது தானா நடக்கும்.

ஹாஜியார்: எப்ப?

மருமகன்: அதைக் கேக்கிற கட்டளை என்ட கையில இல்ல.

ஹாஜியார்: நல்லதாப் போச்சு. அந்தா தறிக்காரர் வாறாரு. காசு எந்த நிலையில தொங்குது எண்டு அவருக்கு நீயே விளங்கப்படுத்து. நான் லுஹருக்குப் போறன்.