மூன்றாம் தளமும் முழுநேரச் சம்பளமும்

கேள்வி: பேஸ்போலில் மூன்றாம் தளத்தில் நிற்பவருக்கு அப்படி என்ன வேலை? நிற்பதற்கா சம்பளம்?
– வாசகர், பாலையூற்று

பதில்: கிரிக்கெட்டில் துடுப்பாட்ட வீரரின் மூக்குக்கு நேரே ‘சில்லி பொயின்ட்’டில் நிற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. அடிப்பவர் நிற்கும் இடத்திலிருந்து 90 அடி தொலைவிலுள்ள மூன்றாம் தளத்தைக் காப்பவர், ஒரு வினாடிக்குள் வந்து சேரும் பந்தைத் தடுத்து, எதிர்மூலையிலுள்ள முதல் தளத்துக்கு, அதாவது ஏறத்தாழ 127 அடிக்கு, ஓடுபவரை முந்தும்படி எறிய வேண்டும். வயதேறி எறியும் கை தளர்ந்தால் பலர் அந்த முதல் தளத்துக்கே மாற்றப்படுவர், அதுவே அங்கே ‘முதலிட’த்தின் பொருள். அமெரிக்காவின் புரூக்ஸ் ரொபின்சன் இதற்கு விதிவிலக்கு: 1955 முதல் 1977 வரை 23 பருவங்கள் பால்டிமோர் ஓரியோல்ஸ் என்ற ஒரே அணிக்கு ஆடி, சிறந்த களத்தடுப்புக்கான ‘தங்கக் கையுறை’ விருதைத் தொடர்ந்து 16 முறை பெற்று, ‘மனித வக்யூம் கிளீனர்’ என்ற பட்டத்தையும் சுமந்தார். ஆனால் அடித்த ஒரே பந்தில் தம் அணியின் மூவரையும் ஆட்டமிழக்கச் செய்யும் அரிய விபத்து அவருக்கு 4 முறை நேர்ந்தது, அதுவும் சாதனைதான்.

இலங்கையில் ஜப்பானிய உதவியுடன் தியகமவில் அமைந்த பேஸ்போல் மைதானம் உண்டு, சம்பளம் தரும் தொழில்முறை லீக் இல்லை. எனவே பாலையூற்று இளைஞர் கையுறை வாங்கினாலும் துறைமுக வேலைக்கான விண்ணப்பத்தைக் கிழித்துவிட வேண்டாம்.