மாமாவின் பேனாக்கத்தி

திருநெல்வேலிக்காரன் முதுகில் அருவாள் இருக்கும் என்பது தமிழ்நாடு முழுக்க உள்ள நம்பிக்கை. சினிமா செய்த உபகாரம். அவ்வளவு நீளத்தைச் சட்டைக் காலருக்குள் செருகிக்கொண்டு ஒருத்தன் பஸ் சீட்டில் எப்படிச் சாய்வான் என்று யாரும் யோசித்ததில்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மடியில் இருப்பதெல்லாம் பேனாக்கத்திதான். வெற்றிலைக் காம்பு நறுக்க, மாங்காய் கீற, சணல் அறுக்க.

என் மாமாவிடமும் ஒன்று உண்டு. மடக்கினால் சுண்டுவிரல் நீளம். குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனால், படிக்கல்லில் தண்ணீர் தெளித்து நாலு இழுப்பு இழுத்து, கட்டைவிரல் நுனியில் பதம் பார்த்த பிறகுதான் ஆற்றில் தலை முழுகுவார்.

அந்தக் கத்தியோடு மகளைப் பார்க்க விமானம் ஏறப் போனார். எந்த விமான நிலையம் என்பது வேண்டாம். எக்ஸ்ரே மிஷின் மஞ்சப்பையை விழுங்கிக் கக்கியது. காவலர் செத்த பல்லியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் கத்தியைத் தூக்கினார்.

"மருமவனே, அவருகிட்டச் சொல்லு. இது மாம்பழம் நறுக்குற கத்தி."

சொன்னேன். "மாம்பழத்துக்குத் தடையில்லை, கத்திக்குத்தான்" என்றார்.

"அப்ப பழத்த முழுசா முழுங்கச் சொல்லுதாரா?"

கவுன்ட்டரில் போட்ட பெட்டிக்குள் வைத்திருந்தால் கத்தி ஜாம்ஜாமென்று அதே விமானத்தில் வந்திருக்கும். சட்டத்துக்குக் கத்திமேல் கோபமில்லை. மாமாவும் அதுவும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவதுதான் ஆகாது. பெட்டியோ எப்போதோ போய்விட்டது.

காவலரைக் குறை சொல்லவும் முடியாது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவில் கிளம்பிய விமானம் கடத்தப்பட்டுக் காந்தகாரில் போய் நின்றது. அடுத்த வருஷமே ஜெய்ப்பூரில் தொடங்கி விமான நிலையங்கள் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவலுக்குப் போயின. 2013இல் அமெரிக்கா, ஆறு சென்டிமீட்டருக்குள் அலகுள்ள சின்னக் கத்தி பரவாயில்லை என்று அறிவித்துப் பார்த்தது. விமானப் பணியாளர்கள் பிடித்த பிடியில் ஜூன் மாதமே வாபஸ்.

நம் நாட்டு உள்ளூர் விமானங்களில் சீக்கியர்கள் ஆறு அங்குல அலகுவரை கிர்பான் வைத்துக்கொள்ளலாம் என்று மாமாவிடம் சொல்லித் தொலைத்தேன்.

"நம்மளுது அதுல பாதிகூட இல்லையே?"

"அது அவங்க மதம், மாமா."

"வெத்தலையும் ஒரு மதந்தாம்ல."

சாமி விஷயமென்றால் சட்டம் கொஞ்சம் வளையத்தான் செய்கிறது. 2022இல் சபரிமலை சீசனுக்காக இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோக விட்டார்கள். ஐயப்பன் காரியம் ஜெயம். எங்கள் சுடலைமாடன் பாடுதான் திண்டாட்டம். ஆள் உயரத்துக்கு நிற்பவர்; கையில் வெட்டருவாள். என்றைக்காவது அவர் சென்னைக்குப் புறப்பட்டால், "சாமி, அதைப் பெட்டியில் போடுங்க" என்று யாராவது ஒரு காவலர் சொல்லித்தானே ஆகவேண்டும்? அந்தப் புண்ணியவான் நல்லபடியாக வீடு போய்ச் சேர மாமா இப்போதே ஒரு கிடா நேர்ந்துவிட்டிருக்கிறார்.