பாயச வாளித் தலைவர்

எங்கள் தெருக்களின் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் பதவி என்னைத் தேடி வந்தது என்றுதான் லால்குடியில் பலரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் நான்தான் அதைத் தேடிப் போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்குக் கையெழுத்துப் போடும் ஆசை அவ்வளவு சீக்கிரம் ஓய்வு பெறுவதில்லை. தேர்தலுக்கு முன்னால் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "எனக்கெதுக்குங்க பதவி?" என்று நானாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. போட்டியில்லாமல் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

வந்ததும் வராததுமாக, நான் சாதாரணச் செயலாளன் இல்லை, தொண்டனாயிருந்து தலைமை ஏற்பவன் என்று அறிவித்தேன். ஆபீஸ் காலத்துப் பயிற்சி வகுப்பு ஒன்றில் கேட்ட சங்கதி அது. ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்கர், ஏடி அண்டு டி தொலைபேசி நிறுவனத்தில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர், 1970-இல் எழுதிய கட்டுரையில் சொன்னது. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் கதை ஒன்றில், பயணம் போகும் குழுவுக்கு எடுபிடியாக வரும் லியோ நடுவழியில் காணாமல் போகிறான். அத்தோடு குழு கலைந்துவிடுகிறது. அந்த அமைப்புக்கே தலைவன் அவன்தான் என்பது பின்னால்தான் தெரிகிறது. கிரீன்லீஃபுக்குப் பொறி தட்டியது அங்கேதான். அவருக்குப் பின் லாரி ஸ்பியர்ஸ் என்பவர் இதைப் பத்துக் குணங்களாகப் பிரித்து வைத்தார். காதுகொடுத்துக் கேட்பது, அடுத்தவர் நிலையில் நின்று பார்ப்பது, அதட்டாமல் இணங்க வைப்பது, வரப்போவதை முன்கூட்டியே உணர்வது, கூட இருப்பவர்களை வளர்த்துவிடுவது என்று போகும் அந்தப் பட்டியல். பெரிய எழுத்தில் அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். அதன் மேல்தான் டீ டம்ளரை வைப்பது வழக்கம்.

முதல் குணமே என்னைக் கவிழ்த்துவிட்டது. ஒரு நாள் காலையில் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் மூச்சிரைக்க வந்து "தம்பி..." என்று ஆரம்பித்தார். சாக்கடைப் பிரச்சினைதான் என்று முகத்தைப் பார்த்தே முடிவு கட்டிவிட்டேன். "உட்காருங்கம்மா, உங்க மனசுல இருக்கிறதெல்லாம் சொல்லுங்க" என்றேன். சொன்னேனே தவிர, சொல்ல விடவில்லை. சாக்கடை எந்தப் பக்கம் வாட்டமாக ஓட வேண்டும், மழைக்கு முன் எப்படித் தூர் வார வேண்டும், பெருவளை வாய்க்காலில் அந்தக் காலத்தில் தண்ணீர் எப்படிப் போனது என்றெல்லாம் விளக்கினேன். அவர் இரண்டு தரம் வாயைத் திறந்தார். நான் கையமர்த்தினேன். கடைசியில் மூச்சு வாங்க நான் நிறுத்தியபோதுதான் அவர் சொன்னார்: "உங்க வீட்டு கேட்டு தொறந்து கெடக்கு தம்பி. மாடு பூந்து வாழைக்கன்ன தின்னுக்கிட்டிருக்கு." போய்ப் பார்த்தால் கன்று இருந்த இடத்தில் குச்சிதான் இருந்தது.

அடுத்து, தெருவைக் கூட்டினேன். முன்னின்று வழிகாட்ட வேண்டும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, ஈர்க்குச்சி விளக்குமாற்றைக் கையில் எடுத்தேன். படம் எடுக்க ஆள் வரும்வரை கூட்டாமல் காத்திருந்தேன். வாட்ஸ்அப் குழுவில் படம் ஏறியது. கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. வழக்கமாக எங்கள் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "காத்துக்கு எதுத்தாப்புல கூட்டுறீங்களே சார், அம்புட்டும் திரும்ப வருது பாருங்க" என்று சொல்லிவிட்டு, நான் கூட்டியதை மறுபடியும் கூட்டினார். அன்றைக்கு அவருக்கு வேலை இரண்டு மடங்கு. அதை யாரும் படமெடுக்கவில்லை.

சங்கப் பொங்கல் விழாவில் சாப்பாடு பரிமாறும் வேலையும் எனக்கே வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கினேன். பந்தியில் ஒரு நுட்பம் உண்டு. சாம்பார் வாளியைத் தூக்குகிறவனை "இன்னும் கொஞ்சம்", "போதும் போதும்" என்று விரட்டுவார்கள். மோர் வாளிக்காரன் முகத்தை ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பாயச வாளிக்குத்தான் சிரித்த முகம் கிடைக்கும். நான் எடுத்தது எந்த வாளி என்று சொல்ல வேண்டியதில்லை. படம் எடுப்பவர் கிளம்பப் போகிறார் என்ற அவசரத்தில், இலையில் சோறு விழுமுன்னே பாயசத்தை ஊற்றிக்கொண்டு போனேன். சமையல்காரர் பின்னாலேயே ஓடி வந்து, "சார், நீங்க உட்காந்து சாப்பிடுங்க, அதுவே பெரிய உதவி" என்றார். அதட்டாமல் இணங்க வைக்கும் குணம் அவரிடம் இருந்தது.

இத்தனைக்கும் இந்த ஊர்க்காரன் இதைக் கற்க அமெரிக்காவரை போயிருக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர் வயலின் மேதை லால்குடி ஜெயராமன் 1930-இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் பக்கவாத்தியக்காரராக மேடையேறியவர். அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத பாணிப் பாடகர்களுக்கெல்லாம் வயலின் வாசித்தார். பாடகர் பாடும்போது நிழலாகத் தொடர வேண்டும். அவர் நிறுத்திய இடத்தில் எடுத்து, அவர் போக்கிலேயே சொல்லி, கச்சேரியை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். காது இல்லாதவனால் முடியாத வேலை. அப்படி வாசித்தவர்தான் பிறகு தனிக் கச்சேரியிலும் சிகரம் தொட்டார், 1966-இல் வயலின், வேணு, வீணை மூன்றையும் ஒரே மேடையில் சேர்த்தார், தில்லானாக்கள் இயற்றினார், பாம்பே ஜெயஸ்ரீ போன்ற சீடர்களை உருவாக்கினார். மேடையில் நான் இருந்திருந்தால் பாடகர்தான் எனக்குப் பக்கவாத்தியம் பாடியிருக்க வேண்டும்.

பெரியபுராணத்தில் இன்னும் கடினமான பாடம் இருக்கிறது. திருப்பூந்துருத்திக்குச் சம்பந்தர் வருகிறார். வயதில் மூத்த அப்பர் கூட்டத்தோடு கூட்டமாகப் புகுந்து பல்லக்கைச் சுமக்கிறார். அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்ட பிறகுதான் கீழேயிருந்து பதில் வருகிறது. கேட்டிருக்காவிட்டால் தெரிந்தே இருக்காது. நானாயிருந்தால் பல்லக்குத் தண்டில் 'உபயம்' போட்டுப் பெயர் எழுதிய பிறகே தோள் கொடுத்திருப்பேன்.

பட்டியலில் கூட இருப்பவர்களை வளர்த்துவிடும் பாடத்தில் தோற்றதுதான் பெரிய தோல்வி. மகன் வீட்டுக்குப் பெங்களூரு போனபோது, நான் திரும்பும்வரை கூட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனேன். மழை முந்திக்கொண்டது. உறுப்பினர்கள் தாங்களாகவே கூடி, தெருவுக்கு ஒருவர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டு, வீட்டு வாசல் வடிகால்களையெல்லாம் துப்புரவாக்கி முடித்துவிட்டார்கள். "எல்லாம் முடிஞ்சிருச்சு சார், நீங்க நிதானமா வாங்க" என்று போனில் சந்தோஷமாகச் சொன்னார் பொருளாளர். "என்னைக் கேக்காமலா?" என்றேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

கிரீன்லீஃப் வைத்த பரீட்சை எளிமையானது. தொண்டைப் பெற்றவர்கள் வளர்ந்தார்களா, சொந்தக் காலில் நின்றார்களா, அவர்களும் தொண்டு செய்பவர்களாக ஆனார்களா என்பதுதான் கேள்வி. எங்கள் தெருக்காரர்கள் அதில் நல்ல மதிப்பெண்ணில் தேறிவிட்டார்கள். நான் பக்கத்தில் இல்லாததால் தேறினார்கள். அதற்காகக் கோபித்துக்கொண்ட ஒரே ஆள் என்ற முறையில் நான் தோற்றேன்.

செயலாளர் பதவியில் இன்னமும் நான்தான் இருக்கிறேன். விடுவதற்கு மனசு வரவில்லை. அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சங்கத்திலும் என்னைப் போல ஒருவர் இருப்பார். அவர் விளக்குமாறு பிடித்த படத்தை அனுப்பினால் உடனே கும்பிடு போடாதீர்கள். தெரு சுத்தமாயிருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். அடுத்த பந்தியில் அவர் கையில் மோர் வாளியைக் கொடுங்கள்.