பத்து ஜிகா சார்

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடிக்காரரின் பெயர் வாட்ச்மேனுக்கே தெரியாது. 'பத்து ஜிகா சார்' என்றால்தான் தெரியும். வீட்டுக்குள் கேபிளில் நொடிக்குப் பத்து ஜிகாபிட் ஓட்டியே தீருவது என்று கிளம்பியவர்.

கொலுவுக்குக் கூப்பிட்டால் வருவார். பொம்மையைப் பார்க்க மாட்டார். டிவிக்குப் பின்னால் குனிந்து, கேபிளைத் திருப்பி, அதிலுள்ள பொடி எழுத்தைப் படிப்பார். "கேட் ஃபைவ்-ஈ தானா?" என்பார், எக்ஸ்ரே பார்த்த டாக்டர் மாதிரி. அந்த வயரிலேயே இரண்டரை ஜிகாபிட் நூறு மீட்டர் ஓடும். பழைய வயரைப் பிடுங்காமல் வேகம் கூட்டத்தான் 2016-இல் அந்த இரண்டரை ஜிகாபிட் தரமே வந்தது. இதைச் சொன்னால், "அது டவுன் பஸ் சார்" என்று முடித்துவிடுவார்.

தன் வீட்டுக்கு முதலில் மலிவு என்று அவர் வாங்கிய கேபிள் சுருள், தாமிர முலாம் பூசிய அலுமினியம். அன்றிலிருந்து ரிச்சி தெருவுக்குப் பிளேடோடுதான் போகிறார். கடையிலேயே கம்பியைச் சுரண்டுவார். உள்ளே வெள்ளை தெரிந்தால் நடையைக் கட்டுவார். உரைகல்லோடு உட்கார்ந்திருக்கும் ஆசாரி தோற்றார்.

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் பன்னிரண்டு மீட்டர். சாதாரண கேட்-சிக்ஸே போதும். சார் சிக்ஸ்-ஏ வாங்கினார். அது சுவருக்குள் இருக்கும் பைப்பில் வளைய மறுத்தது. "இது ஒயரா சார், முறுக்குக் கம்பியா?" என்றார் எலெக்ட்ரீஷியன். சுவர் உடைந்தது. "ஏங்க, போன வருஷம்தானே பெயின்ட் அடிச்சோம்?" என்ற மாமியின் குரல் எங்கள் வீடு வரை கேட்டது.

எல்லாம் மாட்டி, சேமிப்புப் பெட்டியிலிருந்து ஒரு படத்தை நகலெடுத்தார். நொடிக்கு ஆயிரம் மெகாபைட்டுக்கு மேல் வர வேண்டும், இருநூறைத் தாண்டவில்லை. உள்ளே சுழல்வது பழைய ஹார்ட் டிஸ்க். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வெளியிலிருந்து வரும் இணையமோ நூறு மெகாபிட் திட்டம். அதைப் பற்றி நாங்கள் நாகரிகம் கருதிக் கேட்பதில்லை.

தாமிரக் கம்பியில் பத்து ஜிகாபிட் ஓட்டினால், கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சில் சூடும் சேர்ந்தே வரும். மார்கழியில் மாவு பொங்கவில்லை என்று மாமி ஒருநாள் பாத்திரத்தை அந்த ஸ்விட்ச் பக்கத்தில் வைத்தார். காலையில் அது மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. இப்போது எங்கள் வீட்டு மாவும் ராத்திரி அங்கேதான் போகிறது. அடுத்த மாதம் இன்னும் பெரிய ஸ்விட்ச் வாங்க வேண்டும் என்று சார் சொன்னபோது, முதன்முறையாக மாமி மறுக்கவில்லை.